இறக்கத்தில் இறங்கி நடப்பவள்

“கால்சட்டை போட்டா என்னாங்கறேன்? ஒன் வீட்டுக் கொடியிலருந்தா உருவிக்கிட்டுப் போயிட்டா?”

மளிகைக்கடை பிரேமாவதியை இப்படித்தான் கேட்டேன். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். நிற்கட்டும். தேவகியைப் பற்றி அந்தக் கடையில் தேங்காய் வாங்க வருகிறவர்கள் எல்லாம் பேசுகிறார்கள். பதிலும் அங்கேயே விழட்டும் என்றுதான் போனேன்.

“எனக்கென்னா பெரியம்மா, தாமான் வீடு பூரா பேசிக்கிறாங்க லா,” என்றாள் பிரேமாவதி. “வயசு அறுவது ஆவப்போவுது. ஞாயித்துக்கெழமையானா சைக்கிள எடுத்துக்கிட்டு சிக் ஊரு பக்கம் போயிடுது. இப்ப ஒரேடியா அங்கியே போவப்போவுதாம். யாரோ ஆளு இருக்காருன்னு…”

“ஆளு இல்லடி. திராட்சைத் தோட்டம் இருக்கு.”

“திராட்சை பாக்கவா அம்புட்டு தூரம் மிதிக்கிது?”

“ஆமா. ஒனக்கு பாசார்ல பொட்டியில வந்தா போதும். அவளுக்குக் கொடியில தொங்கணும்.”

சொல்லிவிட்டுத் தேங்காய் வாங்காமலே வந்துவிட்டேன். ஆள் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருத்தம் இல்லை. பஸ் பிடித்துப் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். திராட்சைக் கொடியை என்ன கேட்பது?

தேவகி என் கொழுந்தன் பெண்சாதி. ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்து, இரண்டு பேரும் புருஷனைப் பறிகொடுத்து, இந்தச் சுங்கை லாலாங் வீட்டில் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றோம். அவளைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. மற்றவர்களுக்குக் கிடையாது. அதனால் அவளைப் பற்றி நானே சொல்கிறேன். என் மருமகள் லோகேஸ்வரி எழுதிக்கொள்கிறாள்.

ஒல்லி உடம்பு. நீளக் கால். முன்பற்கள் கொஞ்சம் எடுப்பு. அதனால் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். ஞாயிறு வெள்ளன எழுந்து, கொண்டையைப் பிடரிக்குக் கீழே இறக்கிக் கட்டுவாள். மேலே கட்டினால் தலைக்கவசம் உட்காராது. சைக்கிளுக்குத் திருநீறு பூசி, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பாள். சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் விடுவாள். கடையில் விற்கிற சங்கிலி எண்ணெயை வாங்கு என்று யார் சொன்னாலும் கேட்கமாட்டாள். “முடிக்கி நல்லதுன்னா சங்கிலிக்கி நல்லதில்லயா?” என்பாள். எறும்பு வரிசை கட்டி வரும். எறும்பைத் துடைக்கிற வேலை எனக்கு.

அந்தச் சைக்கிள் கூடத்தில்தான் நிற்கும். என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில். மழையில் நனையக்கூடாதாம். நாற்காலி இப்போது பின்கட்டில் கிடக்கிறது. அதற்கு மழை ஒன்றும் செய்யாது போலிருக்கிறது.

அவளுக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்து ஏறுவாள். இறக்கம் வந்ததும் இறங்கிவிடுவாள். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, கீழே சமதரை வரும்வரை நடப்பாள். உலகமே இறக்கத்தில்தான் காலை ஆட்டாமல் சுகமாகப் போகும். இவள் மட்டும் நடப்பாள்.

ரப்பர் தோட்டத்தில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புரியும். நாங்கள் இரண்டு பேரும் பால்மரம் வெட்டினோம், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. எனக்குச் சைக்கிள் வராது. நான் காண்டாக் கம்பைத் தோளில் போட்டு இரண்டு முனையிலும் வாளி சுமந்தேன். தேவகி பால் டின்களைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் பழைய டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி, ஸ்டோருக்குக் கொண்டுபோவாள். நிறைந்த டின்னோடு இறக்கத்தில் ஏறி உட்கார்ந்தால், ஒரு வேர் தட்டினால் போதும், காலையிலிருந்து எடுத்த பால் முழுக்க மண்ணுக்கு. அதனால் இறங்கி நடப்பாள். பாலை நிறுத்துப் போட்டபின், மரத்தடியில் பசியாறுவோம். ஒரு தூக்குக் கோப்பி. மூடியில் எனக்கு, தூக்கில் அவளுக்கு.

தோட்டத்தை அழித்து வீடு கட்டிவிட்டார்கள். டின்கள் எங்கே போயினவோ. அவள் கால் மட்டும் அதற்குப் பிறகும் இறக்கத்தைக் கண்டால் தரையைத் தேடியது. ஞாயிற்றுக்கிழமை கூட ஓட்டிவரும் பெண்கள் கீழே போய் நின்று, தண்ணீர் குடித்து, செல்பி எடுத்து முடித்தபின் இவள் வந்து சேருவாள். ‘காக் ஜாலான் காக்கி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நடந்து வருகிற அக்கா என்று அர்த்தம். இவளும் சிரித்துக்கொண்டே, “பால் சிந்திடும் லா,” என்பாளாம். அவர்களுக்கு என்ன பால் என்று தெரியுமா? எனக்குத் தெரியும். ஆனால் நான் அங்கே இல்லை.

எல்லாம் ரொக்கியா வந்தபின்தான். கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரப் பெண்மணி. தேவகி சர்க்கரை வியாதிக்கு மருந்து எடுக்கப் போன இடத்தில், தினமும் நட என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். “சைக்கிள் ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறாள். தன்னுடைய பழைய கியர் சைக்கிளையும் கொடுத்துவிட்டாள். தீபாவளிக்கு வருவாள், என் முறுக்கைப் புகழ்வாள், போகும்போது என் கையைப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொள்வாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத மனுஷி. அதுவே பெரிய குறை.

பீடோங்கில் கூடி, குரூண் தாண்டி, ஜெனியாங்கில் மூடா ஆற்றைக் கடந்து போவார்களாம். அதற்கப்புறம் மலையும் பள்ளமும்தான். ஒரு மேடு ஏறினால் கீழே ஆறு தெரியும், இன்னொரு மேடு ஏறினால் காணாமல் போகும், மூன்றாவதில் மறுபடி பக்கத்தில் வந்து ஓடும் என்பாள். கடைசியில் பெரிஸ் ஏரி. அதன் கரையில் திராட்சைத் தோட்டம். நம் கெடா மாநிலத்தில் திராட்சை காய்க்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

முதல் தடவை போய்வந்த அன்று, கால்கூடக் கழுவாமல் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டாள்.

“அக்கா, பந்தல் போட்டு வச்சிருக்காங்கக்கா. தலைக்கு மேல தொங்குது. நிமிந்தே பாத்துக்கிட்டு நடந்தா கழுத்து வலிக்கிது. நாம வாழ்நாள் பூரா மரத்துக்கு முன்னால குனிஞ்சேதான நின்னோம்?”

குனிந்தது என்னோடு. நிமிர்வது மட்டும் ரொக்கியாவோடு.

“சோறு ஆறுது. வந்து தின்னு,” என்றேன்.

ஒரு கொத்துப் பழம் கொண்டுவந்திருந்தாள். துண்டில் சுற்றி, டியூப் துண்டால் கட்டி, ஒன்றுகூட நசுங்காமல். புளித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனிப்பாகத்தான் இருந்தது. இரண்டுக்கு மேல் தின்ன மனம் வரவில்லை.

ரொக்கியா அனுப்பிய படங்களை லோகேஸ்வரி தன் போனில் காட்டினாள். கொடிக்குக் கீழே தேவகி நிற்கிறாள். இரண்டு கையும் மேலே. பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். இந்த வீட்டில் இத்தனை வருஷம் மூடி மூடிச் சிரித்த வாய். படத்தைப் பெரிதாக்கிக் காட்டு என்றேன். காட்டியபின், ஏன் காட்டச் சொன்னோம் என்றிருந்தது.

போன மாதம் ரொக்கியாவே தேவகியைக் காரில் கொண்டுவந்து விட்டாள். சைக்கிள் பின்னால் கட்டியிருந்தது. அடிபட்டுவிட்டதோ என்று ஓடினேன். அடி ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் கால் நடுங்குகிறதாம். ஏரிக்குப் போகும் பெரிய இறக்கத்தில் அன்றைக்கு இவள் இறங்கவில்லையாம். தலைமேட்டில் கொஞ்ச நேரம் நின்று, திரும்பிக் காரியரைப் பார்த்தாளாம். பிறகு உட்கார்ந்தே போய்விட்டாளாம்.

“என்னாத்த பாத்த?” என்று கேட்டேன்.

“டின் இல்லன்னு பாத்தேன்க்கா.”

அதை ரொக்கியா பார்த்திருக்கிறாள். சீனப் பெண்கள், மலாய்ப் பெண்கள், எல்லோரும் பார்த்துக் கை தட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அவளுக்கு டின்னைப் பிடித்துத் தூக்கிவிட்ட நான் இங்கே மீன் அலசிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம்தான் தேவகி கேட்டாள். ரொக்கியாவுக்கு ஏரிப்பக்கம் அப்பன் விட்டுப்போன வீடு இருக்கிறது. சைக்கிளில் வருகிறவர்கள் தங்க அறை எடுத்துக் கட்டியிருக்கிறாள். சமைக்கவும், புதிதாக வரும் பெண்களைக் கூட்டிப்போய்க் காட்டவும் ஆள் வேண்டும்.

“அங்கியே இருந்துக்கச் சொல்றாங்க. நீ என்னாக்கா சொல்ற?”

“நான் என்னாத்த சொல்றது? போ.”

“நீயும் வாயேன். ரெண்டு ரூம் இருக்கு.”

“யாரு, நானா? ஒன் காரியர்ல ஒக்காந்தா?”

“ஒக்காந்தா என்னா? பால் டின்ன விடவா கனம்?”

“போடி. என் முட்டி தாங்காது. எனக்கு இந்த வீடு போதும்.”

போகாதே என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் இருந்துவிடுவாள். எனக்குத் தெரியும். என் பேச்சுக்காக இருந்துவிட்டு, ஞாயிறுதோறும் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அப்படி ஒருத்தி எனக்கு வேண்டாம்.

அவள் கிளம்பிய காலையில் வெயில் நன்றாக அடித்தது. துணிமணியெல்லாம் முதல் நாளே ரொக்கியாவின் காரில் போய்விட்டது. இவள் சைக்கிளில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். எலுமிச்சம்பழத்தை நான் வைத்தேன். எங்கள் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது. கேட்டிலிருந்து பெரிய சாலைவரை ஒரே இறக்கம். அவள் நடந்து இறங்கி முடிகிறவரை, கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கலாம். இத்தனை ஞாயிறும் அப்படித்தான் நின்றிருக்கிறேன்.

அதனால் தூக்கில் சீனி போடாத கோப்பியை விளிம்புவரை ஊற்றினேன். மூடியையும் சும்மாதான் வைத்தேன்.

“வழியில குடி. தளும்பத் தளும்ப இருக்கு. நடந்தே எறங்கு.”

வாசலைத் தாண்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவள், கேட்டருகில் நின்று மூடியைத் திறந்தாள். கோப்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாய்க்குக் கை போகவில்லை. பல் தெரியச் சிரித்தாள். மூடியில் ஊற்றி என் பக்கம் நீட்டினாள்.

“குடிக்கா.”

குடித்தேன். மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்தேன். தூக்கைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். மூடியை அழுத்தி, டியூப் துண்டால் இறுகக் கட்டி, காரியரில் வைத்தாள். பிறகு இறக்கத்தின் தலைமேட்டிலேயே ஏறி உட்கார்ந்து, பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்தாள்.