தூங்கவிடாத கேபிள்

ரோஸ்னிடாவிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "சில்லைத் தூங்க வைக்கிறேன்" என்பாள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பல வருடமாக அதே வேலைதான். பாலிக் பூலாவில் இருக்கும் அவள் பெரியம்மாக்கள், அவள் ஏதோ பாக்டரியில் சில்லுகளைப் பெட்டியில் அடுக்குகிறாள் என்றுதான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எடுத்துச் சொல்லி அலுத்துப்போய் அவளும் விட்டுவிட்டாள்.

விஷயம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. எந்தக் கருவியானாலும் உள்ளே இருக்கும் பிராசஸர் என்ற சில்லுக்கு எந்நேரமும் வேலை இருக்காது. வேலையில்லாத நேரத்தில் சும்மா விழித்துக்கொண்டிருந்தால் மின்சாரம் வீண், பேட்டரி காலி. அதனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற கெர்னல் என்ற மென்பொருள் அதைக் கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லும். சின்ன இடைவெளி என்றால் கண்ணயர்வு, நீண்ட இடைவெளி என்றால் ஆழ்ந்த தூக்கம். ஆழ்ந்த தூக்கத்தில் பிராசஸருக்குள் இருக்கும் கடிகாரமும் நின்றுவிடும். வெளியே இருக்கும் இன்னொரு கடிகாரம்தான் அதைத் தட்டி எழுப்ப வேண்டும். அந்தத் தட்டல் ஒரே ஒரு தடவை காதில் விழாமல் போனால் போதும், அது பிறகு எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வதுதான் ரோஸ்னிடாவின் பிழைப்பு.

அவள் கம்பெனி சொந்தமாகக் கருவி எதுவும் செய்வதில்லை. மற்றவர்களின் கருவிகளுக்கு போர்டும் மென்பொருளும் செய்து கொடுக்கும். அதில் ஒன்று வீட்டில் வைத்துக்கொள்ளும் மூச்சு மெஷின். அந்த மெஷின் ஒன்று அவள் வீட்டுப் படுக்கையறையிலேயே இருந்தது. அவள் கணவன் ஜுனைதி பள்ளிக்கூட வேன் ஓட்டியவன். நரம்பு நோய் வந்து நெஞ்சுத் தசையெல்லாம் தளர்ந்துவிட்டது. உட்கார்ந்திருந்தால் தானே மூச்சு விடுவான், படுத்துத் தூங்கினால் முடியாது. முகமூடியை மாட்டி மெஷினைப் போட்டால்தான் கண்ணை மூடலாம். மெஷின் வந்த அன்றைக்கு ரோஸ்னிடா அதை ஆசையாகத் தடவிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள ஓடறது நான் எழுதினது பாங்," என்றாள். கணவனை அவள் பாங் என்றுதான் கூப்பிடுவாள்.

"போச்சு. முழிச்சிருக்கும்போதுதான் உன் பேச்சைக் கேக்கணும்னு பார்த்தேன், தூங்கும்போதுமா," என்றான் ஜுனைதி.

உண்மையில் அவன் எப்போதும் அவள் பேச்சைக் கேட்டதில்லை. அது ஊருக்கே தெரியும்.

டுரியான் பழப் பருவம் தொடங்கிய சமயத்தில் கடல் தாண்டி அக்கரையிலிருந்து ஒரு சேதி வந்தது. அங்கே ஒரு மருத்துவமனையில் இரண்டு மூச்சு மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே உறைந்து நின்றுவிட்டன. திரையில் பழைய எண்களே நின்றன. அபாய மணி அடிக்கவில்லை, அடிக்க வேண்டியதும் அதே பிராசஸர்தானே. மாட்டிக்கொண்டால் உதைத்து எழுப்புவதற்கென்று ஒரு காவல் கடிகாரம் வைத்திருந்தார்கள், அதுவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு நோயாளியை நர்ஸ் தற்செயலாகப் பார்த்துக் காப்பாற்றிவிட்டாள். இன்னொருவருக்கு அதற்குப் பிறகு நினைவே திரும்பவில்லை.

பேட்டரி இன்னும் அதிக நேரம் நிற்கவேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்களே என்று அந்த ஆழ்ந்த தூக்கத்தைத் திறந்துவிட்டது ரோஸ்னிடாதான். மாற்று மெஷின் கேட்டுப் பார்த்தாள், அடுத்த வாரம் என்று கையை விரித்துவிட்டார்கள். தானே உட்கார்ந்து மென்பொருளை மாற்றலாம்தான், பிழை எங்கே என்று தெரியாமல் எதை மாற்றுவது? இரவில் ஜுனைதி படுத்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து மெஷினின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனோ நிம்மதியாகக் குறட்டை விட்டான்.

ஆபீஸில் அவளுக்குத் துணை கெங் ஐக். போர்டுகளைச் சோதிக்கிறவன். அவள் மூத்தவள் என்பதால் காக் என்றுதான் கூப்பிடுவான். இரண்டு பேரும் மேஜையில் நாலு போர்டை வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பையை நுரையீரலாக மாட்டினார்கள். ஒவ்வொன்றின் யூ.எஸ்.பி. ஓட்டையிலும் ஒரு கேபிளைச் சொருகி, உள்ளே நடப்பதெல்லாம் வரிவரியாகக் கணினித் திரையில் ஓடும்படி செய்தார்கள். இந்தத் தொழிலில் முதல் காரியம் அதுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கைப் போடுவது போல, போர்டைத் தொட்டதும் கேபிளைச் சொருகுவார்கள், ஏன் எதற்கு என்று யாரும் யோசிப்பதில்லை. ரப்பர் பைகள் நாள் கணக்கில் உப்பி உப்பி வடிந்தன. ஒரு போர்டாவது நிற்கவேண்டுமே. எல்லாம் அவ்வளவு சமர்த்து.

"எனக்கென்னவோ மெஷின் மேல தப்பு இல்லைன்னு தோணுது காக்," என்றான் கெங் ஐக். "ஆஸ்பத்திரியில ஒரு குடும்பம் மெஷினோட யூ.எஸ்.பி. ஓட்டையில குட்டி ஃபேன் சொருகியிருந்தாங்களாம். பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில, அஞ்சு ரிங்கிட்டுக்கு வாங்கின சாமான். அதுலேர்ந்து மின்சாரம் எகிறி வந்து குழப்பியிருக்கும்."

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்ல, அதேதான். நம்ம சனத்துக்கு ஓட்டையைப் பார்த்தா எதையாவது சொருகாம இருக்க முடியாது."

அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் முன்ஜாக்கிரதை நல்லதுதானே என்று பட்டது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது ஜுனைதியிடம் கறாராகச் சொன்னாள். அவன் எப்போதும் தன் போனைச் சார்ஜுக்கு அந்த மெஷினின் ஓட்டையில்தான் சொருகி வைப்பான். சுவர் பிளக் எட்டாது என்பது அவன் நியாயம்.

"இனிமே அதுல எதையும் சொருகாதீங்க பாங். போனை அடுப்படியில போடுங்க."

"சரி சரி."

"சரி சரின்னா? பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டாதீங்க. என் மேல சத்தியமா?"

"போ நிடா, நேரமாச்சு."

ஆபீஸுக்குப் போனதும் வாடிக்கையாளர் பிரிவு மேனேஜர் ஜெரார்டிடமும் அதையே சொன்னாள். மெஷின் வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் தெரியப்படுத்திவிட்டால் நல்லது என்றாள். இதுவாவது செய்ய இருக்கிறதே என்று ஜெரார்ட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கெங் ஐக் வேறொரு வேலைக்கு ஒரு கேபிள் வேண்டும் என்று, மேஜையின் ஓரத்தில் இருந்த போர்டிலிருந்து உருவிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது கையில் நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"காக். அந்தப் பை ஏன் உப்பினபடியே நிக்குது?"

மூன்று பைகள் உப்பி வடிந்துகொண்டிருந்தன. ஓரத்துப் பை உப்பியபடியே அசையாமல் நின்றது. போர்டின் திரையில் பழைய எண்.

"நான் ஒண்ணும் செய்யல. கேபிளை மட்டும்தான் உருவினேன்."

ரோஸ்னிடா எழுந்தாள். அந்த போர்டை அணைத்துப் போட்டாள், ஓடியது. இரண்டாவது போர்டிலிருந்து அவளே கேபிளைப் பிடுங்கினாள். இருவரும் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் அந்தப் பையும் உப்பி, நின்றது.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேபிள் சும்மா இருக்கவில்லை. நொடிக்கு நொடி பிராசஸரிடம் பேசிக்கொண்டே இருந்தது. பேச்சுச் சத்தத்தில் அது கண்ணயர்ந்ததே தவிர, ஆழ்ந்து தூங்கவே இல்லை. ஆழ்ந்து தூங்கினால்தானே எழாமல் போகும்? இத்தனை நாளாக நோயைத் தேடுகிறோம் என்று மருந்தைக் கொடுத்துக்கொண்டே தேடியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி மெஷின்களில் கேபிள் ஏது? அந்தக் குட்டி ஃபேன் மின்சாரத்தை உறிஞ்சுமே தவிர ஒரு வார்த்தை பேசாது. நோயாளி எவ்வளவு நிம்மதியாக, நிதானமாக மூச்சு விட்டுத் தூங்குகிறாரோ, பிராசஸருக்கு அவ்வளவு நீண்ட இடைவெளி கிடைக்கும், அவ்வளவு ஆழமாக அது போகும். அப்படியானால் இத்தனை மாதம் வீட்டு மெஷின் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடியது எப்படி? ஜுனைதியின் போன்தான். மெஷினில் சொருகியிருந்த அந்தப் போன் அதனுடன் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது.

இன்று காலை அதைக் கழற்றச் சொன்னது யார்? அவள் வாயால் சொன்னது அது.

மணியைப் பார்த்தாள். ஜுனைதி மதியத் தொழுகை முடித்து, சாப்பிட்டு, படுக்கிற நேரம். போனை அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்கு அடித்தாள், அவர்கள் குடும்பத்தோடு கல்யாண விருந்துக்குப் போயிருந்தார்கள். கெங் ஐக் ஏதோ கேட்டான், காதில் ஏறவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தெலுக் கும்பார் தாண்டி மலை ஏறும் பாதையில் டுரியான் கடைகளைப் பார்த்த இடமெல்லாம் கார்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். நடுரோட்டில் நின்று பழத்தை முகர்ந்து பார்க்கிறார்கள், இவர்களுக்கெல்லாம் வீட்டில் யாரும் மூச்சுக்குத் தவிக்கவில்லை போல. ரோஸ்னிடா ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்றுகூடத் தோன்றவில்லை. மறுபடி மறுபடி அவன் எண்ணையே அழுத்தினாள். ஒவ்வொரு வளைவிலும் அந்த உப்பிய பைதான் கண் முன்னால் வந்தது. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்று வாய் தானாக முணுமுணுத்தது. பிறந்ததிலிருந்து அவள் அப்படிப் பயப்பட்டதில்லை.

வாசலில் காரைக் கோணலாக நிறுத்திவிட்டுச் செருப்போடு உள்ளே ஓடினாள். படுக்கையறைக் கதவைத் தள்ளினாள்.

மெஷின் உஸ்ஸென்று ஊதியது. ஜுனைதியின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. தலைமாட்டில் மெஷினின் ஓட்டையில் போன், சத்தம் அணைக்கப்பட்டு, சொருகியபடி கிடந்தது. திரையில் அவள் அழைப்புகள் வரிசையாக நின்றன.

அவள் கட்டிலோரம் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சத்தம் கேட்டு ஜுனைதி விழித்து, முகமூடியைக் கழற்றி, மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். போனை மறைக்கப் பார்த்தான், முடியவில்லை.

"சும்மா கொஞ்ச நேரம்தான் போட்டேன் நிடா. சார்ஜே இல்ல. அதுக்காகவா அழற?"

"நல்லா போட்டீங்க. கழட்டாதீங்க. நான் சொன்னா எப்பவாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"கேக்கலையேன்னு திட்டுறியா, கேக்கலைன்னு சந்தோசப்படறியா?"

அழுகையும் சிரிப்புமாக அவள் நடந்ததைச் சொன்னாள். ஜுனைதி குறுக்கே பேசாமல் கேட்டான். பேசுவதற்கு அவனுக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"சரி. மத்தவங்களுக்குச் சொல்லிட்டியா?"

ரோஸ்னிடாவின் அழுகை நின்றது. இவ்வளவு தூரம் வந்தாளே, இத்தனை தடவை போனை அழுத்தினாளே, ஒரு தடவையாவது ஜெரார்டின் எண்ணை அழுத்தினாளா? அவருடைய நினைப்பே வரவில்லை. பதறிப்போய் இப்போது அழுத்தினாள்.

"ஜெரார்ட், அந்தச் சேதியை அனுப்பாதீங்க."

"அது மதியமே போயாச்சு நிடா," என்றார் ஜெரார்ட் உற்சாகமாக. "எல்லாருக்கும் போயிடுச்சு. நிறைய பேர் உடனே கழட்டிட்டோம்னு பதில் போட்டிருக்காங்க. நன்றி வேற சொல்றாங்க."

அவள் கேபிள் விஷயத்தைச் சொன்னாள். மறுபடி சேதி அனுப்புகிறேன் என்றார் ஜெரார்ட். தூங்குகிறவர்கள் சேதி படிப்பார்களா, போன் எண்களை அனுப்புங்கள், கெங் ஐக்கையும் உட்கார வையுங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் அடிப்போம் என்று அவள் கத்தினாள். எண்களின் பட்டியல் வந்தது. ஜுனைதி தன் போனை மெஷினிலிருந்து உருவி, கையை நீட்டினான்.

"பட்டியலை எனக்கும் அனுப்பு, கீழேர்ந்து நான் அடிக்கறேன். நீ மேலேர்ந்து அடி."

"உங்களால பேச முடியாது பாங்."

"எழுப்புங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

அவள் முதல் எண்ணை அழுத்தினாள். தைப்பிங்கில் ஒரு வீடு. வயதான ஒரு பெண் எடுத்தாள். பெரியம்மா முறையில் மக்சிக் என்று கூப்பிட்டுப் பேசினாள் ரோஸ்னிடா.

"மெஷின் கம்பெனியிலேர்ந்து பேசறேன். அதுல ஏதாச்சும் சொருகியிருக்கா மக்சிக்?"

"ஒண்ணும் இல்லம்மா. நீங்க சொன்ன உடனே கழட்டிட்டேன். என் மவன் போனைத்தான் சொருகி வெச்சிருந்தான்."

"அவருக்குத்தானே மெஷின்? எங்க இப்ப?"

"தூங்கறான். இன்னைக்குத்தான் அசைவே இல்லாம நிம்மதியா தூங்கறான், பாவம்."

"எழுப்புங்க மக்சிக். உடனே போய் எழுப்புங்க."

போனைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள்.