சன்னாசி மண்டோர் வீட்டு வெட்டாத வீடியோ

மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் சன்னாசி இருபது வருடமாக மண்டோர், ஆட்களை மேய்க்கும் கங்காணி. மழை வருமா வராதா என்று வானம் முடிவுசெய்யும் முன்பே அவர் முடிவுசெய்துவிடுவார். கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அந்த மூக்கை இரண்டு வருடமாக அவர் திருப்பிக்கொண்டது சொந்த அக்கா பஞ்சாலையிடம்தான்.

எல்லாம் ஒரு வீடியோவால் வந்த வினை. எண்பத்தாறில் அக்கா மகனுக்குக் கல்யாணம். வீடியோவுக்கு அக்கா தேர்ந்தெடுத்தது சினிமா ஸ்டைல். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சி ரூசா கடற்கரையில் மூச்சிரைக்க ஓடவிட்டு, இதய வடிவத்துக்குள் அடைத்து, மேலே ரோஜாப்பூ கொட்டியிருந்தார்கள். தாய்மாமன் சன்னாசி பட்டு வேட்டி கட்டி இருபத்தோரு தட்டு சீர் கொண்டுபோனாரே, அதைப் படத்திலிருந்து வெட்டி எறிந்துவிட்டார்கள். கேசட் முழுக்கத் தேடியும், தட்டைப் பிடித்த ஒரு முழங்கைதான் கிடைத்தது. மறுநாளே தோட்டத்தில் அவருக்கு முழங்கை மண்டோர் என்று பெயர் விழுந்தது. அவர் அக்காவிடம் பேச்சை நிறுத்தினார். பஞ்சாலையும் இளைத்தவர் இல்லை, அவரும் நிறுத்திக்கொண்டார். ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி இரண்டு வருடம் ஓடியது.

இப்போது சன்னாசியின் மகளுக்குக் கல்யாணம். பாரோய் ஊரிலிருந்து வீடியோ எடுக்கும் கணேசமூர்த்தி, மாதிரிக்குக் காட்டச் சில கேசட்டுகளோடு வந்தார். சன்னாசி அவற்றைப் பையைவிட்டு வெளியே எடுக்கவே விடவில்லை. தாலி கட்டுவதிலிருந்து எச்சில் இலை எடுப்பதுவரை எல்லாம் வேண்டும், ஒன்றையும் வெட்டக் கூடாது என்றார்.

“ஏழு மணி நேரம் ஓடும் மண்டோரே. யாரும் ஒக்காந்து பாக்க மாட்டாங்க லா.”

பார்ப்பார்கள், பார்க்கவைப்பேன் என்றார் மண்டோர். மனைவி முத்துலெட்சுமி உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எங்கக்கா வந்துச்சுன்னா, அது மூஞ்சிய மட்டும் அஞ்சு நிமிஷம் விடாம எடு. சொந்தத்த எப்படிக் காட்டணும்னு தெரிஞ்சுக்கட்டும்.”

வீறாப்பெல்லாம் வெளியே. உள்ளே, அக்கா வராமல் போய்விடுவாரோ என்ற பயம். பத்திரிகை வைக்கப்போனது முத்துலெட்சுமிதான். அக்கா ‘பாக்கலாம்’ என்றாராம். எப்படிச் சொன்னார், சிரித்துச் சொன்னாரா, வாசலில் நின்று சொன்னாரா என்று நாலு நாள் மனைவியைக் குடைந்து எடுத்தார்.

அக்கா வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அன்று கேமராவைக் கண்டவர்களெல்லாம் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பதுபோல் விறைத்து நின்றார்கள். பாதிப் பேர் வாயில் போட்ட சோற்றை மெல்ல மறந்தார்கள். கணேசமூர்த்தி விளக்கைப் பஞ்சாலையின் முகத்தில் அடித்து, சொன்னபடி ஐந்து நிமிடம் எடுத்தார். வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறார்கள் என்று நினைத்த அக்கா, கண்ணைக்கூட இமைக்காமல் கேமராவை முறைத்துவிட்டு, கை நனைக்காமல் எழுந்து போனார். அக்கா சாப்பிடாமல் போனதைச் சன்னாசி பார்த்தார். அதற்குப் பிறகு அவருக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் டிவி வைத்துக் கேசட்டைப் போட்டார்கள். தோட்டமே வந்து உட்கார்ந்தது. தாங்கள் சாப்பிட்டதைத் தாங்களே வாய் பிளந்து பார்த்தார்கள். மூன்றாம் முறை ரசம் வாங்கிய லோரி டிரைவர் முருகையாவுக்குக் கைத்தட்டல் கிடைத்தது. தன் முகத்தை என்ன பாடுபடுத்தியிருக்கிறார்கள் என்று பார்க்கப் பஞ்சாலையும் வந்து, கதவோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது கேசட்டில் அக்காவின் முகம் திரை நிறைய வந்தது. தோளுக்குப் பின்னால் சன்னாசியும் வந்தார்.

விளக்கு படும் இடம் மட்டும்தான் படத்தில் விழும் என்று மனிதர் நம்பியிருந்தார். இருட்டில் நின்றால் தப்பித்தோம் என்று நினைத்திருந்தார். கேமராவுக்கு அந்த நாகரிகம் தெரியவில்லை. கையில் பாயாசக் குவளையோடு அக்காவின் முதுகுவரை வருகிறார், வாயைத் திறக்கிறார், மூடிக்கொண்டு திரும்புகிறார். வேட்டியை இறுக்கிக்கொண்டு மறுபடி வருகிறார், மறுபடி ஓடுகிறார். மூன்றாம் முறை நாற்காலிவரை வந்து குனிந்தே விட்டார். அந்த நேரம் பார்த்து யாரோ குறுக்கே வர, பதற்றத்தில் பாயாசத்தை மடமடவென்று தானே குடித்துவிட்டு நடையைக் கட்டுகிறார்.

மண்டபம் சிரித்து உருண்டது. சன்னாசிக்குக் காது சுட்டது. எந்தப் பக்கம் எழுந்து ஓடலாம் என்று பார்த்தார். கதவுப் பக்கம்தான் வழி, அங்கே அக்கா.

“டேய் சன்னாசி,” என்றார் பஞ்சாலை. சிரிப்பு அடங்கியது. “அது எனக்குக் கொண்டாந்த பாயாசமாடா?”

“ஆமாக்கா.”

“கூப்புட வேண்டியதுதானே?”

சன்னாசி தரையைப் பார்த்தார். “நீ வேணாம்னு சொல்லிருவியோன்னு பயமாப் போச்சுக்கா.”

பஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியைக் காலாலேயே இழுத்துப் போட்டார்.

“இங்க வந்து ஒக்காரு. இன்னும் ரெண்டு கேசட் இருக்குல்ல.”