ஊர் படிப்பித்த மாட்டு டொக்டர்

நான் மாட்டு வைத்தியர். நாவற்குடாவில் பிறந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கட்டணமின்றிப் படித்து, மட்டக்களப்புக்கே வேலைக்குத் திரும்பி வந்தவள். மாமி மகனான என் மச்சான் டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஒழுங்காக வரி கட்டுகிறவர். அவருடைய மகனுக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. கொழும்பில் காசு கட்டிப் படிக்கிறான்.

ஒரு ஞாயிறு காலை எங்கள் வீட்டில் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இலவசக் கல்வி பற்றிய பேச்சு வந்தது.

"என்ட மகனுக்கும் நான்தான் கட்டுறன், ஊராற்ற பிள்ளைகளுக்கும் நான்தான் கட்டுறன். இது என்ன ஞாயம் மச்சாள்?"

"குளிக்கச் சவுக்காரம் வாங்கிற ஏழை மனிசியும் அந்த விலையோட வரி கட்டுறாதானே," என்றேன்.

"படிச்சவங்க பாதிப்பேர் வெளிநாட்டுக்குப் போயிட்டாங்க. படிப்புச் செலவைக் கடனாக் குடுத்துப் பிறகு அறவிடணும்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. என்னோடு படித்தவர்கள் பலர் இப்போது ஒஸ்ரேலியாவில்தான் இருக்கிறார்கள்.

அந்த நேரம் சித்தாண்டியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். கணவன் இல்லாதவளாம், பால் விற்றுப் பிள்ளைகளை வளர்ப்பவளாம். விடியற்காலையிலிருந்து அவளுடைய மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம். என் மோட்டார் சைக்கிள் திருத்துவதற்காகக் கராஜில் இருந்தது. "வாங்க, நான் கொண்டு போறன்," என்று மச்சான் வேனை எடுத்தார்.

வயல் வட்டை ஓரத்தில், மர நிழலில் மாடு படுத்துக் கிடந்தது. அயலவர்கள் கூடியிருந்தார்கள். "பொம்பிளப் பிள்ளையா வந்திரிக்கி?" என்றார் ஒருவர்.

தோள்வரை கையுறை போட்டுக் கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். முன்னங்கால்கள் இரண்டும் வந்திருந்தன; தலை மட்டும் பக்கவாட்டில் மடிந்து கிடந்தது. வாய்க்குள் விரலை வைத்தேன். கன்று மெல்ல உறிஞ்சியது. உயிர் இருக்கிறது.

மாடு முக்கும்போதெல்லாம் என் கை நசுங்கியது. அது ஓயும் இடைவெளியில் கன்றை உள்ளே தள்ளி, தாடையைப் பிடித்துத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். பிறகு கால்களில் கயிற்றைக் கட்டி மச்சானிடம் கொடுத்தேன்.

"மாடு முக்கக்குள்ள மட்டும் இழுங்க மச்சான்."

அவர் தன் வெள்ளைச் சட்டையைப் பார்க்கவேயில்லை. சேற்றில் முழங்காலூன்றி இழுத்தார். கன்று வழுக்கி அவர் மடியிலேயே விழுந்தது. மூச்சில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் உடம்பை அழுத்தித் தேய்த்தேன். ஒரு தும்மல் போட்டது. தாய்மாடு தலையைத் திருப்பிக் குரல் கொடுத்தது.

அந்தப் பெண் சந்தேகப்பட்ட அயலவரைப் பார்த்தாள். "ஆரெண்டு நினைச்சீங்க? நாங்க படிப்பிச்ச டொக்டர்."

"நீ எங்க புள்ள படிப்பிச்ச?" என்று அவர் சிரித்தார்.

"கடையில சாமான் வாங்கிற நேரமெல்லாம் படிப்பிச்சித்தான் இரிக்கன்."

பட்டமளிப்பு விழாவில் என் பெயரைச் சொல்லி அழைத்தபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி நிமிர்ந்ததில்லை. சேறும் இரத்தமுமாக நின்ற என்னை, முன்பின் பார்த்திராத ஒருத்தி தான் படிப்பித்த பிள்ளை என்று உரிமை கொண்டாடினாள்.

திரும்பும்போது மச்சான் கையிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு வேனை எடுத்தார். பிறகு சொன்னார்: "அந்த மனிசி சொன்னது சரிதான். ஆனா வசதி உள்ளவன் காசு கட்டிப் படிக்கட்டும். அதில நான் மாறமாட்டன்."

"அதுக்கு நானும் ஓம்," என்றேன்.

அடுத்த கிழமை ஆணி வாங்க அவர் கடைக்குப் போனேன். பெயின்ற் வாங்க வந்தவரிடம், "இவதான் எங்கட டொக்டர். கன்றை இழுத்தது நான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.