படகுப் பட்டறைக்கு ஒரு கையெழுத்து

எழுபதுகளில் நான் சுகாதார ஆய்வாளர். பட்டினப்பாக்கத்தில் ஃபைபர் படகு செய்யும் பட்டறைக்கு லைசென்ஸ் புதுப்பிக்கப் போயிருந்தேன். ரசாயன நெடி கண்ணைக் கரித்தது. ஆனால் என் படிவத்தில் சாக்கடை, கழிப்பறை, தீயணைப்பு வாளி பற்றித்தான் கேள்விகள். காற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எதிர்க் குடிசையிலிருந்து மீன் விற்கும் அஞ்சலை ஓடி வந்தாள்.

"சார், எம் பொண்ணு மூச்சு வுட முடியாம கெடக்குது. இத்த மூட சொல்லு சார்."

"அதுக்குச் சட்டம் இல்லேம்மா."

"அப்ப நீ இன்னாத்துக்கு சார் வந்த?"

படிவத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுவருடம் போனபோது அந்தக் குடிசையில் வேறு குடும்பம் இருந்தது. அஞ்சலை எங்கே போனாள், அவள் மகள் பிழைத்தாளா, யாருக்கும் தெரியவில்லை. அன்றும் கையெழுத்துப் போட்டேன்.

பட்டறையை மூட என்னால் முடிந்திருக்காது. ஆனால் எதிர்க் குடிசைக்குப் பத்தடி நடந்து, அந்த மகளை ஒருமுறை பார்த்திருக்கலாம்.