நைனா தட்டிய தட்டு

பர்மாத் தேக்கு வந்திறங்கும் ஹார்பரில் என் நைனாதான் பாட்டுக்காரர். அவர் அடி எடுத்துக் கொடுத்தால்தான் கோஷ்டி முழுக்க "ஐலேசா" என்று கயிற்றை இழுக்கும். அப்பேர்ப்பட்டவருக்கு நாக்கில் புற்றுநோய். பாதி நாக்கை எடுத்தால் பிழைப்பார் என்றார் வெள்ளைக்கார டாக்டர்.

"நாக்கு போனா நான் இன்னாத்துக்கு?" என்று நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுது பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் ஹார்பருக்கு ஓடி, அவர் கோஷ்டியையே ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தேன்.

எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே நிற்க, அவருடைய தோஸ்து மாரி மட்டும் உள்ளே வந்தார்.

"அண்ணாத்தே, பாட்டு எங்களுக்கே மனப்பாடம். எப்ப இழுக்கணும்னுதான் தெரில. ஆளுக்கொரு நேரத்துல இழுத்து கயிறு அறுந்துகினே கீது. நீ தட்டு, நாங்க பாடறோம்."

நைனா மெல்லத் திரும்பி, இரும்புக் கட்டிலில் விரல் முட்டியால் டக்கென்று ஒரு தட்டு தட்டினார்.

"ஐலேசா!" என்று ஜன்னலே அதிர்ந்தது. நர்ஸம்மா கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நைனா மறுபடி தட்டினார், இன்னும் பலமாக. அப்புறம் என்னைப் பார்த்து, "டாக்டரைக் கூப்புடு" என்றார்.

பிழைத்தார். அதற்குப்பிறகு அவர் பேச்சு எங்களுக்கே பாதிதான் புரியும். ஆனால் ஹார்பரில் தேக்கு அவர் தட்டுக்குத்தான் நகர்ந்தது. இன்றைக்கும் யாராவது கதவைத் தட்டினால், என் வாய் தானாக "ஐலேசா" என்கிறது.