எட்டுக்கு இரண்டு

பெரம்பலூர் பக்கம் ஒரு காலேஜில் நான் கட்டுமானப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம் போட்டார்கள். பாடம் அவர்களுடையது, கேள்வித்தாளும் விடைக்குறிப்பும் அவர்களுடையது. நடத்துவதும் திருத்துவதும் மட்டும் நாங்கள். முதல் மார்க் எடுப்பவருக்குக் கடைசி வருஷம் அங்கே இலவசமாகப் படிக்க இடம். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. ஆனால் சம்பளம் கூட்டிக் கொடுத்தார்கள், வாயை மூடிக்கொண்டேன்.

வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் அரியலூர் பக்கம் ரெட்டிபாளையத்துப் பெண். அப்பா கொத்தனார். தினம் ரெண்டு பஸ் மாறி வருவாள். அந்த இடம் அவளுக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம், அவளும் நினைத்திருந்தாள்.

கடைசி வருஷத்துக்கு முந்தின பரீட்சையில் ஒரு கேள்வி. புதிதாகப் போட்ட கான்கிரீட்டை முதல் வாரம் எப்படிப் பாதுகாப்பாய்? எட்டு மார்க். குளிரில் உறைந்துபோகாமல் கனத்த விரிப்புப் போட்டு மூட வேண்டும் என்றது விடைக்குறிப்பு. இவளோ, வெயிலில் காய்ந்து வெடிக்காமல் தூணுக்கு ஈரச் சாக்கு சுற்றணும், தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தணும் என்று எழுதியிருந்தாள். அரியலூர் வெயிலில் வேறென்ன செய்வதாம்? எட்டையும் போட்டேன்.

தாள் அங்கே போய்ச் சரிபார்த்துத் திரும்பி வந்தது. எட்டை அடித்து இரண்டு போட்டிருந்தார்கள். முதலிடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரின்சிபால் ரூமுக்குப் போனேன், வெளியே வந்து வராந்தாவில் நடந்தேன், மறுபடி போனேன். "சார், கடைசி முடிவு அவங்களோடதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் மொத்த கிளாஸுக்கும் ரிசல்ட் விடுவாங்க" என்றார். நானே அங்கே மெயில் அனுப்பினேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது, மரியாதையாகத்தான். விடைக்குறிப்பில் இல்லாததற்கு மார்க் கிடையாதாம். நம்ம ஊர்க் கட்டடத்தைப் பற்றி நம்ம பிள்ளை எழுதினால் அதற்கு மார்க் போட எனக்கு அதிகாரமில்லை. என்ன வாத்தியார் உத்தியோகம் இது, தூ என்றிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் அந்தத் தாளோடு என் முன்னால் வந்து நின்றாள். இரண்டு மார்க்குக்குக் கீழே என் கையெழுத்து.

"சார், எங்கப்பா இப்படித்தான் செய்யறாரு. அது தப்புங்களா?"

தப்பில்லை என்றால், பிறகு ஏன் கையெழுத்துப் போட்டீங்க என்று கேட்பாள்.

"தப்புதாம்மா" என்றேன்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "சரிங்க சார். அப்பாகிட்டயும் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். நான் கூப்பிடவில்லை.