லெந்து முடிந்தும் நெய் தொடவில்லை

ஞானம்மாள் டீச்சருக்கு இரண்டு பெருமை. சித்தூர் மிஷன் பள்ளியில் அவர் போடும் தையல் பிரியாது. அப்புறம், அவர் கறி தொடமாட்டார். சின்ன வயதில் குடிபாலாவில் ஆசையாக வளர்த்த ஆட்டுக்குட்டியைக் கிறிஸ்துமஸுக்கு அறுத்துவிட்டார்கள், அன்றோடு விட்டதுதான். முதல் பெருமையைப் பற்றி வாய் திறக்கமாட்டார். இரண்டாவதைப் பற்றித் திறந்த வாயை மூடமாட்டார். பிரியாணி இல்லாமல் ஒரு ஞானஸ்நானம்கூட நடக்காத சபையில் அந்தப் பேச்சுக்கு இடமா இல்லை?

எல்லோரையும்விட அதிகம் கேட்டவர் அவர் கணவர் தியோடர். திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர், ஆள் ஒட்டடைக்குச்சி. "கறி துன்றவங்க ரத்தத்துலதான் கொழுப்பு சேரும்" என்று கல்யாணமான நாள் முதல் டீச்சர் சொன்னதில் அவருடைய கறிச்சட்டி கொல்லைக்குப் போய்விட்டது. ஞாயிறு தோறும் மாமரத்தடியில் அவரே சமைத்து, அவரே கழுவிக் கவிழ்ப்பார். மழை வந்தால் ஒரு கையில் குடை, மறு கையில் கரண்டி, பாவம்.

எண்பத்து மூன்றாம் வருஷம் டீச்சருக்கு உடம்பு ஊதியது, குரல் கம்மியது. தையல் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூக்கம் வந்தது. யாருக்கும் சொல்லாமல் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதிக்கக் கொடுத்தார்.

"தைராய்டு மந்தமா இருக்கு. கொலஸ்ட்ராலும் அதிகம்" என்றார் டாக்டரம்மா.

"நான் சைவம்மா. வேற யாரோட ரத்தமாவது கலந்துட்டிருக்கும், பாருங்க."

"நெய்யும் சைவம்தான், டால்டாவும் சைவம்தான். தினம் என்ன சாப்பிடறீங்க?"

நெய் ரோஸ்ட், தேங்காய்ச் சட்னி, சாயங்காலம் போண்டா. சொல்லச் சொல்ல டீச்சரின் குரல் இன்னும் கம்மியது.

"ஆட்டை விட்டீங்க, எண்ணெய்ச் சட்டியை விடலையே. தைராய்டு மந்தமானா அதுவே கொழுப்பை ஏத்தும். விடிஞ்சதும் வெறும் வயித்துல மாத்திரை, தண்ணியோட. அரை மணி கழிச்சுத்தான் காப்பி. பொரிச்சதை விடுங்க. பயறு, கீரை, அவரைக்காய், வெண்ணெய் எடுத்த மோர் சாப்பிடுங்க. முட்டைக்கோஸ் பச்சையா வேணாம், வேக வெச்சு அளவா சாப்பிடலாம்."

பஸ்ஸில் திரும்பும்போது டீச்சருக்கு வியாதி பயமே இல்லை. இது தியோடர் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதுதான் பயம். மாமரத்தடிக் கறிச்சட்டி கண்ணுக்குள்ளேயே நின்றது.

நல்ல வேளை, அந்த வாரம் லெந்து தொடங்கியது. ஈஸ்டருக்கு முன் நாற்பது நாள் சபையே கறியை விடும் தவக்காலம். "உனக்கு விடறதுக்கு இன்னா கீது?" என்று வருஷா வருஷம் கிண்டல் செய்தவர்களிடம் டீச்சர் அறிவித்தார்: "இந்த வாட்டி நெய், டால்டா, தேங்கா, பொரிச்சது ஒண்ணும் தொடமாட்டேன்." சபையின் பாதிரி ஐயர் அதைப் பிரசங்கத்திலேயே சொல்லிப் புகழ்ந்தார். டீச்சர் தலை குனிந்துகொண்டார். தாழ்மை என்று நினைத்தார்கள். வெட்கம், வேறென்ன.

மாத்திரை தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் பதுங்கியது. காலையில் மாத்திரை, பிறகு அரை மணி ஜெபம், பிறகுதான் காப்பி.

"முன்னெல்லாம் காப்பி குடிச்சுக்கினே ஜெபம் பண்ணுவியே, கர்த்தர் கேட்டாருதானே?" என்பார் தியோடர்.

ஈஸ்டர் அன்று விடிகாலை பஸ் டியூட்டியை முடித்துக்கொண்டு, தியோடர் திருப்பதியிலிருந்து அரைக் கிலோ நெய் மைசூர்பாகு வாங்கி வந்தார். "எல்லாரும் பிரியாணி துன்றாங்க, உனக்கு இன்னா கீது? அதான் வாங்கினு வந்தேன்." பொட்டலத்தின் தாள் நெய்யில் ஊறி உள்ளே இருப்பது தெரிந்தது. மனிதர் ஒரு துண்டை எடுத்து வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார்.

தின்றால் உடம்புக்கு ஆகாது. மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். டீச்சருக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குக் கொலஸ்ட்ராலுங்க. தைராய்டும் கீதாம். லெந்துன்னு சொன்னது சும்மா. மாத்திரை மெஷின் டிராயர்ல கீது, அத்த போட்டு அரை மணி கழிச்சுத்தான் காப்பி."

தியோடர் துண்டைப் பொட்டலத்தில் வைத்தார். கொல்லைக்குப் போனார். திரும்பியபோது கையில் கறிச்சட்டி. அதை அடுப்படியில், டீச்சரின் பால் பாத்திரத்துக்குப் பக்கத்தில், பார்த்துப் பார்த்து நேராக வைத்தார். டீச்சர் தன் பால் பாத்திரத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

மறுநாள் விடிந்ததும் தியோடர் ஒரு தம்ளர் தண்ணீரும் மாத்திரையுமாக வந்து நின்றார். காப்பி இல்லாமல் கண்ணே திறக்காத மனிதர் தனக்கும் ஊற்றிக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க குடிங்களேன்" என்றார் டீச்சர்.

"சும்மா கெட. ஜெபம் பண்ணிக்கினு கீறேன்" என்றார் தியோடர்.